தலைக்கு மேல் நிற்கும் ஓடு



விதானம் என்றொரு சொல் தமிழில் உண்டு. மண்டபத்தின் உட்கூரையை, பேச்சு வழக்கில் சீலிங் என்கிறோமே, அதைக் குறிக்க இன்று அச்சொல்லை எழுத்தில் வழங்குகிறோம். பழைய வழக்கில் விதானம் என்பது துணி. மணவறையிலும் அரசவையிலும் தலைக்கு மேலே இழுத்துக் கட்டப்படும் மேற்கட்டி. கோவலனும் கண்ணகியும் மணம் முடித்த மண்டபத்திலும் விதானம் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. துணிக்குப் பாரமில்லை. கட்டு அவிழ்ந்து வீழ்ந்தாலும் எவருடைய தலையும் உடையப் போவதில்லை.

சுட்ட மண்ணைத் துணியைப் போலத் தலைக்கு மேல் விரிக்க முடியுமா? கேட்பதற்குக் கவிஞனின் கற்பனை போலத் தோன்றும். ஆனால் அதைச் செய்து காட்டிய மேசன்மார் இருந்தார்கள். அந்த வித்தையைக் கடல் கடந்து கொண்டுபோய், ஒரு மாநகரத்தின் தலைக்கு மேலெல்லாம் விரித்துவிட்டு, தம் பெயரை மட்டும் எவர் கண்ணிலும் படாமல் விட்டுச் சென்ற ஒரு தந்தையும் மகனும் இருந்தார்கள். அவர்களுடைய வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் வேலையின் சிக்கலைப் பார்ப்போம். தரையில் தட்டோடு பதிப்பது இலகு. அது விழுவதற்கு இடமில்லை. சுவரில் பதிக்கும்போது ஓடு கீழ்நோக்கி வழுக்கப் பார்க்கும். ஆனால் கீழ்வரிசை மேல்வரிசையைத் தாங்கிக்கொள்ளும். உட்கூரையில் பதிக்கும்போதோ ஓட்டின் நிறை முழுவதும் பசையை நம்பித் தொங்குகிறது. இன்றைய பசைச்சாந்துகள் நல்லவைதாம். ஓட்டின் முதுகில் காற்றிடம் இல்லாமல் சாந்தைப் பூசி, அழுத்திப் பிடித்து, அது இறுகும்வரை கீழிருந்து முட்டுக் கொடுத்து வேலையை முடிக்கலாம். இருந்தாலும் பாரமான கருங்கல்லையோ தடித்த ஓட்டையோ வெறும் பசையில் தொங்கவிட அனுபவமுள்ள மேசன் தயங்குவார். கம்பியோ கொளுக்கியோ வேறு பிடிமானம் இருக்கிறதா என்று கேட்பார். அவர் கேட்பது நியாயமே. ஒட்டிய ஓடு தனக்கு மேலே உள்ள கூரைக்கு என்றென்றைக்கும் ஒரு சுமை.

மத்தியதரைக் கடலின் மேற்குக் கரையில், ஸ்பெயின் நாட்டின் வலென்சியாவிலும் கத்தலோனியாவிலும் வாழ்ந்த மேசன்மார் இந்தச் சிக்கலை வேறொரு வழியில் தீர்த்தார்கள். அவர்கள் ஓட்டைக் கூரையில் ஒட்டவில்லை. ஓட்டையே கூரையாக்கினார்கள்.

அது எவ்வாறு என்று சற்று விளக்க வேண்டும். கல்லால் ஒரு வளைவு கட்டுவதானால், அதே வடிவில் மரத்தால் ஒரு தாங்குசட்டம் முதலில் செய்யவேண்டும். கற்களை அதன்மேல் அடுக்கி, உச்சிக்கல் இறங்கியபின் மரத்தைக் கழற்றுவார்கள். சில வேளைகளில் கல்லைவிட மரத்துக்கே செலவு அதிகம். கத்தலான் மேசனுக்கு அந்த மரம் தேவைப்படவில்லை. அவருடைய ஓடு ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்பும், ஆறங்குல அகலமும், ஓரடி நீளமும் கொண்ட மெல்லிய தட்டோடு. அதன் விளிம்பில் ஜிப்சச் சாந்தைப் பூசிச் சுவரின் ஓரத்தோடு சேர்த்துப் பிடிப்பார். ஜிப்சம் கணப்பொழுதில் இறுகும் தன்மையது. சில விநாடிகள் கையால் பிடித்திருந்தால் போதும். கையை எடுத்தாலும் ஓடு நிற்கும். அடுத்த ஓடு, அதற்கடுத்த ஓடு என்று வளைவாக ஒரு வரிசை முடிந்துவிட்டால், அந்த வரிசை தன்னைத்தானே தாங்கும் வில்லாகிவிடும். பிறகு அந்த முதற் படையின் முதுகில் இரண்டாவது படை. கீழ்ப்படையின் பொருத்துகளுக்கு நேரே மேற்படையின் பொருத்து வராதவாறு குறுக்காக அடுக்கப்படும். அதன்மேல் மூன்றாவது படை. எல்லாம் சேர்ந்தும் மொத்தத் தடிப்பு நான்கைந்து அங்குலம்தான். அதன்மேல் மனிதர் நடக்கலாம், பொருட்களை அடுக்கலாம், இன்னொரு மாடியே எழுப்பலாம்.

இவ்வாறு கட்டிய விதானத்தில் ஓடு எதிலும் தொங்கவில்லை. வளைவின் வழியாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அது நிற்கிறது. மேலிருந்து வரும் பாரம் ஓட்டை இழுப்பதில்லை, நெருக்குகிறது. சுட்ட மண்ணுக்கு இழுவையைத் தாங்கும் பலம் குறைவு. நெருக்கத்தைத் தாங்கும் பலம் அதிகம். அந்த மேசன்மார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதைக் கற்கவில்லை. கை அறிந்திருந்தது.

இந்தக் கையறிவு பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலென்சியாவில் இம்முறை வழக்கில் இருந்தது. அரகன் நாட்டு மன்னர் ஒருவர் 1382இல் எழுதிய கடிதமொன்றில் அதன் இலேசையும் மலிவையும் வியந்திருக்கிறார். 1754இல் பிரான்சில் தெஸ்பி என்ற பிரபு இவ்வகைக் கூரைகள் தீப்பிடிக்கா என்று ஒரு நூலே எழுதி வெளியிட்டார். ஆயினும் பெரிய கட்டிடங்களின் வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. இது களஞ்சியங்களுக்கும் மாடிப்படிகளுக்கும் உரிய நாட்டுப்புற வேலை என்றே கருதப்பட்டது.

அந்த வலென்சியாவில் 1842இல் பிறந்தவர் ரபாயேல் குவாஸ்தவினோ. பார்சலோனாவில் கட்டிடக்கலை பயின்று, இளவயதிலேயே பட்லியோ குடும்பத்தாரின் பெரிய நெசவாலையைக் கட்டிப் பெயர் பெற்றார். நாட்டுப்புற மேசனின் ஓட்டு வளைவைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கியதுதான் அவருடைய துணிச்சல். பழைய சாந்துக்குப் பதிலாக அப்போது புதிதாகப் பரவிவந்த போர்ட்லண்ட் சீமெந்தை மேற்படைகளுக்குப் பயன்படுத்தினால் வளைவின் பலமும் அகலமும் கூடும் என்று அவர் கண்டார்.

1881இல், நாற்பது வயதை நெருங்கும் நேரத்தில், அவர் தம் பெயரையே கொண்ட சிறுவயது மகனையும் அழைத்துக்கொண்டு நியூயோர்க் நகருக்குக் கப்பலேறினார். ஆங்கிலம் தெரியாது. தெரிந்த மனிதர் குறைவு. சொந்த நாட்டில் புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர், புதிய நாட்டில் சஞ்சிகைகளுக்கு அலங்காரச் சித்திரம் வரைந்து வயிறு வளர்க்க வேண்டியதாயிற்று. புலம்பெயர்ந்தோர் வாழ்வில் இது புதுக்கதையல்ல. கையில் உள்ள வித்தை எத்தனை பெரிதாயினும், அதை எடுத்துச் சொல்லும் மொழி வாயில் இல்லாவிட்டால் பொன்னும் பித்தளையாகிவிடுகிறது.

அவருக்கு வழி திறந்தது நெருப்பு. 1871இல் சிக்காகோ நகரம் பற்றி எரிந்தது. மறு ஆண்டு பொஸ்டன் எரிந்தது. மரத்தால் மாடி போட்ட நகரங்கள் எல்லாம் அஞ்சிக் கிடந்தன. இரும்பை நம்பலாம் என்றால், கடும் வெப்பத்தில் இரும்பு இளகி வளைந்துவிடும். சுட்ட மண்ணோ சூளையில் நெருப்பை ஏற்கனவே பார்த்துவிட்டு வந்த பொருள். குவாஸ்தவினோ இதையே தம் வாதமாகக் கொண்டார். 1885இல் தீக்காப்புக் கட்டிட முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஓட்டு வளைவுகளைக் கட்டி, அவற்றின் கீழ் நெருப்பு மூட்டி, மேலே பாரமேற்றி, அவை நிற்பதைப் பலரறியக் காட்டினார். ஆங்கிலத்தில் வாதாட இயலாத மனிதருக்காக அவருடைய ஓடுகள் வாதாடின.

திருப்புமுனை பொஸ்டன் பொதுநூலகம். சார்ள்ஸ் மக்கிம் என்ற கட்டிடக் கலைஞர் அதனை வரைந்திருந்தார். அதன் வளைவிதானங்களைக் கட்டும் பொறுப்பு 1889இல் குவாஸ்தவினோவிடம் வந்தது. அந்த ஆண்டிலேயே தமது நிறுவனத்தையும் அவர் தொடங்கினார். அதுவரை ஓட்டு வளைவின் அடிப்பக்கத்தைச் சாந்து பூசி மறைப்பதே வழக்கம். நூலகத்தில் அது மறைக்கப்படவில்லை. ஓடுகளை மீன்முள் போலவும் வேறு பல கோலங்களிலும் அடுக்கி, அடுக்கிய ஒழுங்கே அழகாகத் தெரியும்படி விட்டார்கள். 1895இல் நூலகம் திறக்கப்பட்டபோது உள்ளே நுழைந்தவர்கள் தலைநிமிர்ந்து பார்த்து, அலங்காரத்துக்காக ஓடு பதித்திருக்கிறார்கள் என்றே எண்ணியிருப்பார்கள்.

கோபுரத்தைத் தாங்குவது தானே என்று நினைத்துத் தோள் கொடுத்து நிற்கும் சுதைப் பொம்மையை நாம் எல்லோரும் அறிவோம். ஒன்றையும் சுமக்காமல் சுமப்பதாகப் பாவனை செய்வோருக்கு அந்தப் பொம்மையை உவமை சொல்வது நம் வழக்கம். குவாஸ்தவினோவின் ஓடு அந்தப் பொம்மைக்கு நேர்மாறானது. பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் அலங்காரம். உண்மையில் கட்டிடத்தைச் சுமப்பது அதுவே. நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இதுதான். சுமப்பவற்றை நாம் அலங்காரம் என்று எண்ணிக் கடந்துபோய்விடுகிறோம். மனிதர் விடயத்திலும் அப்படித்தான்.

அவர் தம் முறைக்கு ஒரு கோட்பாடும் வகுத்தார். 1890களின் தொடக்கத்தில் அதை நூலாக வெளியிட்டார். கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் பழைய வளைவு ஒரு வகை. சாந்தும் ஓடும் ஒட்டி ஒரே பாறையைப் போலாகிவிட்ட தம்முடைய வளைவு வேறொரு வகை என்றார். ஒரே உடலாகிவிட்டதால் அது பக்கச் சுவர்களைப் பெரிதாகத் தள்ளாது என்று அவர் நம்பினார். பின்வந்த பொறியியலாளர்கள் இதை ஏற்கவில்லை. மெல்லிய ஓட்டு வளைவும் எந்த வளைவையும் போலவே பக்கங்களைத் தள்ளத்தான் செய்கிறது. சுவையான செய்தி என்னவென்றால், அவருடைய கட்டிடங்களிலேயே அந்தத் தள்ளுதலைக் கட்டுப்படுத்த இரும்பு இழுகம்பிகளும் கனத்த சுவர்களும் உரிய இடங்களில் இருக்கின்றன. ஏட்டில் எழுதிய கோட்பாடு தடுமாறிய இடத்திலும் கை தடுமாறவில்லை.

1904 ஒக்டோபர் 27ஆம் திகதி நியூயோர்க்கின் முதலாவது சுரங்க ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் தலைவாயிலான நகர மண்டப நிலையத்தின் விதானம் முழுவதும் இவர்களுடைய ஓடுதான். வளைந்து செல்லும் மேடை, மேலே வளைவுக்குப் பின் வளைவு, இடையிடையே பகல் வெளிச்சம் இறங்கும் கண்ணாடிச் சாளரங்கள் என்று மண்ணுக்கடியில் ஒரு மாளிகையாக அது விளங்கியது. ரயில்கள் நீண்டுவிட்டன, வளைந்த மேடை அவற்றுக்கு ஒத்துவரவில்லை. 1945 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் நிலையம் மூடப்பட்டது. மூடிய பின்பும் வண்டிகள் திரும்பிச் செல்வதற்காக அதனூடே ஓடியே வந்திருக்கின்றன. விதானம் அங்கேயே நிற்கிறது.

1908இல் தந்தை காலமானார். வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில் அவர் தொடங்கிய புனித லோரன்ஸ் தேவாலயத்திலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. 82 அடி நீளமும் 58 அடி அகலமும் கொண்ட அதன் நீள்வட்டக் குவிமாடம் ஓட்டாலேயே ஆனது. அந்தத் தேவாலயம் நிறைவேறியது அவர் மறைந்த மறு ஆண்டில். தாம் தொடங்கிய கூரை முடிவதற்குள் மறைந்த தந்தையின் இடத்தில் மகன் நின்றார்.

மகனுக்கு முறையான பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. தந்தையின் சாரக்கட்டுகளே அவருடைய பள்ளிக்கூடம். அந்த மகனிடம் 1909இல் நியூயோர்க்கின் புனித யோவான் பேராலயத்தார் வந்தார்கள். பேராலயத்தின் நடுவில் நூறடிக்கும் மேற்பட்ட அகலத்தில் வெட்டவெளி. அதன்மேல் பெரிய கோபுரம் எழுப்பும் வரைக்கும் தற்காலிகமாக ஒரு மூடி வேண்டும் என்பதே கோரிக்கை. கீழிருந்து மரச்சாரம் எழுப்புவதென்றால் ஒரு காடே தேவைப்படும். இளைய குவாஸ்தவினோ மரம் கேட்கவில்லை. மேசன்மார் விளிம்பிலிருந்து வட்டம் வட்டமாக ஓடுகளை வைத்து உள்நோக்கி வந்தார்கள். முன்னர் கட்டி இறுகிய பகுதியின்மேல் நின்றுகொண்டு அடுத்த பகுதியைக் கட்டினார்கள். கீழே வெறும் ஆகாயம். ஏறத்தாழ பதினைந்து வாரங்களில் குவிமாடம் மூடப்பட்டது. உச்சியில் அதன் தடிப்பு ஐந்து அங்குலமும் இல்லை. பெரிய கோபுரம் எழவே இல்லை. தற்காலிகம் என்று கட்டியது ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

மகன் ஓட்டைக் காதுக்கும் உரியதாக்கினார். ஓட்டு விதானம் ஓசையை அப்படியே திருப்பியனுப்பும். 1913இல் திறக்கப்பட்ட கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஒய்ஸ்டர் பார் உணவகத்தின் வாயிலருகே, தாழ்ந்த ஓட்டு வளைவின் ஒரு மூலையில் நின்று முணுமுணுத்தால் எதிர்மூலையில் இருப்பவரின் காதில் அது தெளிவாக விழும். காதலர்களுக்கு இது வேடிக்கை. தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவருக்கோ பெருந்தொல்லை. ஒரு சொல்லின்மேல் மறுசொல் ஏறிக்கொள்ளும். ஒலியியல் அறிஞரான ஹார்வர்ட் பேராசிரியர் வாலஸ் சபைனுடன் சேர்ந்து, ஓசையை உறிஞ்சும் நுண்துளைகள் கொண்ட ஓடுகளை இளைய குவாஸ்தவினோ உருவாக்கினார். அதற்கான காப்புரிமை 1914இல் கிடைத்தது. சுமப்பதும், நெருப்பைத் தடுப்பதும், அழகு தருவதும், ஓசையை அடக்குவதும் ஒரே ஓட்டின் வேலையாயின.

இனி எல்லிஸ் தீவுக்கு வருவோம். நியூயோர்க் துறைமுகத்தில் இருக்கும் இத்தீவு, அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த வாயில். 1892இல் மரத்தால் கட்டிய முதல் நிலையம் 1897இல் எரிந்து சாம்பலானது. தீப்பிடிக்காத புதிய கட்டிடம் 1900இல் திறக்கப்பட்டது. அதன் பெருமண்டபம் ஏறத்தாழ 200 அடி நீளமும் 100 அடி அகலமும் உடையது. 1907ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் இத்தீவு வழியாக நாட்டுக்குள் சென்றார்கள். மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நின்ற அவர்களின் தலைக்கு மேல் அன்று இருந்தது சாதாரணச் சாந்துப் பூச்சு விதானம்.

1916 ஜூலை 30ஆம் திகதி அதிகாலையில், அருகிலிருந்த பிளாக் டொம் வெடிமருந்துக் களஞ்சியம் ஜேர்மன் உளவாளிகளின் நாசவேலையால் வெடித்தது. அந்த அதிர்ச்சியில் எல்லிஸ் தீவின் சாளரங்கள் நொறுங்கின. பெருமண்டபத்தின் விதானமும் பெரிதும் சேதமடைந்தது. அதன் இடத்தில் புதிய விதானம் கட்டும் வேலை குவாஸ்தவினோ நிறுவனத்திடம் வந்தது. 1918இல் இருபத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளைக் கொண்டு, மீன்முள் கோலத்தில் பெருவளைவாக அதைக் கட்டி முடித்தார்கள். சிறுவயதில் கப்பலில் வந்திறங்கிய ஒருவரின் நிறுவனம், கப்பலில் வந்திறங்குவோரின் தலைக்கு மேல் விரித்த விதானம் அது.

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். வரலாறு அவ்வளவு இரக்கமுள்ளதல்ல. விதானம் அமைந்து சில ஆண்டுகளிலேயே வாயில் குறுகிவிட்டது. 1921இலும் 1924இலும் நிறைவேறிய சட்டங்கள் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று அளவு கட்டின. தெற்கு ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் வெகுவாகக் குறைக்கப்பட்டார்கள். ஆசியர் பெரும்பாலும் தடுக்கப்பட்டார்கள். அந்தச் சட்டம் முன்னரே இருந்திருந்தால், 1881இல் ஸ்பெயினிலிருந்து வந்த குவாஸ்தவினோவும் வாசலிலேயே காத்துக்கிடக்க நேர்ந்திருக்கலாம். எல்லிஸ் தீவு படிப்படியாகத் தடுத்து வைக்கப்பட்டோரும் நாடு கடத்தப்படவிருந்தோரும் காத்திருக்கும் இடமாயிற்று. இலட்சக்கணக்கானோர் நம்பிக்கையோடு கடந்துபோன காலத்தில் அந்த அழகிய விதானம் இல்லை. விதானம் வந்தபோது கீழே நின்றவர்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. 1954இல் தீவு மூடப்பட்டது. சாளரங்கள் உடைந்தன. மழையும் பனியும் பறவைகளும் உள்ளே குடியேறின. அவற்றிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.

இதே காலத்தில் நிறுவனத்தின் கதையும் முடிவை நெருங்கியது. 1950இல் இளைய குவாஸ்தவினோ காலமானார். கம்பி வைத்த கொங்கிரீட் மலிந்துவிட்டது. ஒவ்வோர் ஓட்டையும் கையால் வைக்கும் மேசனுக்குக் கொடுக்கும் கூலி மிஞ்சிவிட்டது. ஓட்டு வளைவின் பலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று புதிய பொறியியலாளருக்குத் தெரியவில்லை. கணக்கில் வராததைக் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. 1962இல் நிறுவனம் மூடப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் கட்டிடங்களில் தம் விதானத்தை விட்டுச்சென்ற நிறுவனம் அது. நியூயோர்க்கில் மட்டும் இருநூறுக்கும் மேல். பெரும்பாலானவற்றின் வாயிற்கல்லில் கட்டிடக் கலைஞரின் பெயர் இருந்தது. ஓடு வைத்தவரின் பெயர் இல்லை. கடைசி நேரத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் ஜோர்ஜ் கொலின்ஸ், அழியவிருந்த வரைபடங்களையும் ஆவணங்களையும் காப்பாற்றிப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தார். அவர் இல்லாவிட்டால் இன்றைய பேச்சுக்கே பொருள் இருந்திராது.

விந்தையைப் பாருங்கள். அமெரிக்காவில் இத்தொழில் மூடப்பட்ட அதே காலத்தில், அருகிலுள்ள கியூபாவில் அது திறந்தது. புரட்சி அரசு 1961இல் ஹவானா நகரில் கலைக் கல்லூரிகள் கட்டத் தொடங்கியது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடையால் இரும்பும் சீமெந்தும் அரிதாயின. கிடைத்தது களிமண் மட்டுமே. ரிக்கார்தோ பொறோ என்ற கியூபரும் இரு இத்தாலியக் கலைஞர்களும் கத்தலான் ஓட்டு வளைவைக் கையில் எடுத்தார்கள். அந்த வித்தையைக் குடும்ப வழியாக அறிந்திருந்த ஒரு முதிய மேசன் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1965இல் வேலை நிறைவுறாமல் நின்றபோதிலும், எழுந்தவை உலகின் அழகிய கட்டிடங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. ஒரு நாட்டில் கூலி மிகுந்ததால் ஒழிந்த வித்தை, இன்னொரு நாட்டில் இரும்பு இல்லாததால் பிழைத்தது.

எல்லிஸ் தீவின் கட்டிடத்தைப் புதுப்பிக்கும் பணி 1980களில் நடைபெற்றது. முப்பது ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்த மண்டபம். விதானத்தின் ஓடுகளைச் சுத்தம் செய்து சோதித்தார்கள். இருபத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளில் மாற்ற வேண்டியிருந்தவை பதினேழு. அந்த எண்ணை நான் மீண்டும் சொல்கிறேன் நேயர்களே, பதினேழு. 1990இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

1997இல் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் ஒய்ஸ்டர் பாரில் தீவிபத்து ஏற்பட்டது. வெப்பத்தில் விதானத்தின் முகப்படை ஓடுகள் பல வெடித்து உதிர்ந்தன. விதானம் நின்றது. உதிர்ந்தவற்றுக்குப் புதிய ஓடுகள் செய்து பதித்தார்கள். மூத்த குவாஸ்தவினோ நெருப்பு மூட்டிக் காட்டிய சோதனையை நூறாண்டுக்குப் பிறகு விதி மீண்டும் நடத்திப் பார்த்ததுபோல அது அமைந்தது.

இன்று இம்முறையைக் கணக்கிடவும் வழி கண்டிருக்கிறார்கள். மசசூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் ஒக்சென்டோர்ஃப் இந்த வளைவுகளை ஆராய்ந்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னரே அவரும் மைக்கல் ராமேஜ் என்பவரும், தென்னாபிரிக்கக் கட்டிடக் கலைஞர் பீற்றர் ரிச்சுடன் சேர்ந்து, மப்புங்குப்வே என்ற தொல்லிடத்தில் ஓர் அருங்காட்சியகத்தின் வளைவுகளை எழுப்பினார்கள். அவ்வூர் மண்ணோடு சிறிது சீமெந்து கலந்து அழுத்திய ஓடுகள் அவை. ஓடு செய்தவர்களும் அடுக்கியவர்களும் வேலையற்றிருந்த உள்ளூர் மக்கள். அதற்குமுன் அவர்களில் எவரும் வளைவு கட்டியதில்லை. அந்தக் கட்டிடம் 2009இல் உலகின் அவ்வாண்டுச் சிறந்த கட்டிடமாகத் தெரிவு செய்யப்பட்டது.

ஒரு வித்தை எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு இந்த வரலாற்றில் விடை கிடைக்கிறது. அது ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை. குவாஸ்தவினோவின் ஏடே அவருடைய கையைவிடக் குறைந்த அளவுதான் அறிந்திருந்தது. கையில் மட்டுமே வாழ்ந்தாலும் ஆபத்து. கடைசி மேசன் கண்ணை மூடும்போது அதுவும் மூடிவிடும். கையிலிருந்து கைக்குப் போகும்போதும், இடையே யாரோ ஒரு கொலின்ஸ் காகிதங்களைக் குப்பைக்குப் போகாமல் தடுக்கும்போதும் அது பிழைத்துக்கொள்கிறது. நம் கண்முன்னே எத்தனை தொழில்கள், கணக்கில் வராதவை என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடப்படுகின்றன என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பெரிய மண்டபங்களுக்குள் நுழையும்போது நாம் கம்பீரமான தூண்களைப் பார்க்கிறோம். வாயிற்கல்லில் உள்ள பெயரைப் படிக்கிறோம். அடுத்த முறை ஒரு கணம் அண்ணாந்து பாருங்கள். அங்கே அழகுக்காக இருப்பதுபோல ஏதேனும் தென்பட்டால், அது எதைச் சுமக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.